அவனுக்கு என்ன பிடிக்கும், யுவா?

முகப்பேர் மேற்கு
4-6-2025

யுவா,

கவரின் பின்னால் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நீ என் நம்பரை பிளாக் செய்து எட்டு மாதம் ஆகிறது. நம் கம்பெனி ரேணுகாவின் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். உன் வீட்டு வாசலில் வந்து நிற்கத் தைரியமில்லை. மிச்சமிருப்பது தபால்தான்.

கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். வரும் இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஜீவாவுக்குப் பிறந்தநாள். அவன் எதிர்பார்க்காத ஒன்றை அவனுக்குத் தர வேண்டும். என்ன தரலாம் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

இந்த எட்டு மாதத்தில் நான் கொடுத்ததையெல்லாம் சொல்கிறேன், சிரிக்காதே. ஸ்மார்ட் வாட்ச் கொடுத்தேன், கை அரிக்கிறது என்று டப்பாவிலேயே வைத்துவிட்டான். சட்டை வாங்கினேன், "நல்லாகீது" என்றான், இன்றுவரை போடவில்லை. எங்கள் போட்டோ போட்ட கப்பில் அவன் அம்மா பல்விளக்கும் பிரஷ்களைப் போட்டு வைத்திருக்கிறார். யூடியூபில் "காதலனை அசத்தும் பத்துப் பரிசுகள்" என்று வருவதையெல்லாம் பார்த்து, உள்ளே விளக்கு எரியும் பெட்டி ஒன்று ஆர்டர் செய்தேன். திறந்தான், பார்த்தான், மூடினான்.

ஆனால் நீ தைத்துக் கொடுத்த டூல்ஸ் பை மட்டும் அவன் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. அந்தக் காக்கித் துணிப் பை, மூலையில் சிவப்பு நூலில் ஒரு 'ஜீ'. லிஃப்ட் ரிப்பேருக்கு எந்த அபார்ட்மென்ட்டுக்குப் போனாலும் அதுதான். பைக்கில் அவன் பின்னால் உட்காரும்போது என் முழங்காலில் இடிக்கிறது.

அவனுக்கு என்ன பிடிக்கும், யுவா?

ரேஷ்மா


கோவில்பதாகை
8-6-2025

அக்கவுன்ட்ஸ் ரேஷ்மா மேடம் அவர்களுக்கு,

கிழித்துப் போடத்தான் நினைத்தேன். பாதி கிழித்தேன். பிறகு செல்லோடேப் போட்டு ஒட்டிப் படித்தேன். எங்கள் அம்மா, "இன்னாடி அது, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

உனக்கு என்ன தைரியம்! ஒரே கார்மென்ட்ஸ் கம்பெனியில், ஒரே சாப்பாட்டு மேஜையில், என் டப்பாவிலிருந்து மூன்று வருஷம் சாப்பிட்டவள் நீ. நான் செக்கிங்கில் நின்று கால் கடுத்து வந்தால் பக்கத்தில் இடம் போட்டு வைப்பாய். எனக்கும் ஜீவாவுக்கும் சண்டை வந்தபோது, "நான் பேசிப் பார்க்கிறேன்டி" என்று போனாய். பேசிப் பார்த்தாய். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் அவன் பைக்கில் நீ உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். கையில் கரும்பு ஜூஸ். ரெண்டு பேருக்கும் ஒரே கிளாஸ். உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அந்த வேலையையே விட்டுவிட்டு இப்போது பட்டாபிராமில் இன்னொரு கம்பெனியில் நிற்கிறேன்.

அவனையும் எடுத்துக்கொண்டாய். இப்போது அவனை எப்படிச் சந்தோஷப்படுத்துவது என்று என்னிடமே கேட்கிறாய்.

அந்தப் பையைத் தைக்க எனக்கு ஐந்து மதிய இடைவேளை ஆனது. ஐந்து நாளும் நான் சாப்பிடவில்லை. நீதான் கேட்டாய், "ஏன்டி சாப்பிடல" என்று. நீ கடையில் வாங்குகிறாய். அதுதான் வித்தியாசம்.

இதற்குமேல் என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. போன் மட்டும் செய்யாதே. உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

யுவராணி


முகப்பேர் மேற்கு
11-6-2025

யுவா,

நீ பதில் எழுதியதே பெரிது. திட்டிய எல்லாம் நியாயம்.

ஆனால் ஒன்று. நான் திட்டம் போட்டு எடுக்கவில்லை. அவன்தான் உன்னைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் வந்தான். கேன்டீன் வாசலில் நின்றுகொண்டு, நீ சந்தேகப்படுகிறாய், போனை வாங்கிப் பார்க்கிறாய், மூச்சு முட்டுகிறது என்று அரைமணி நேரம் சொன்னான். நான் உனக்காகத்தான் பரிந்து பேசினேன். முடிவில் அவன், "உங்கிட்டதான் ரேஷ்மா மனசு வுட்டுப் பேச முடியுது" என்றான். என்னிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்குப் போய் அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை நினைத்தேன் தெரியுமா? அன்றைக்கு உன்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தப்பு.

இப்போது அதற்கு அனுபவிக்கிறேன். நீ அவனோடு இல்லை, ஆனாலும் எங்கே போனாலும் இருக்கிறாய். பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போனால், "இங்க யுவா ஒரு தபா வழுக்கி வுழுந்தா" என்று சிரிக்கிறான். மீன் குழம்பு வைத்துக் கொண்டுபோனால் மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாததுதான் எனக்குக் கேட்கிறது. அவன் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். உன் போட்டோ ஒன்றுகூட இல்லை. இல்லாததும் எனக்கு நிம்மதியாக இல்லை. எங்கே வைத்திருக்கிறான் என்று தேடுகிறேன்.

ஒரே ஒரு நாள், உன் நினைப்பே வராத அளவுக்கு அவனை நான் சந்தோஷப்படுத்த வேண்டும். அதற்கு உன்னிடமே கேட்கிறேன். இதைவிடக் கீழே நான் இறங்க முடியாது.

ரேஷ்மா


கோவில்பதாகை
14-6-2025

ரேஷ்மா,

உன் கடிதத்தை ரெண்டு முறை படித்தேன். பாவமாக இருந்தது. பழசைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. சொல்கிறேன், கேட்டுக்கொள்.

சட்டை, வாட்ச், கேக் எல்லாம் அவனுக்கு ஒன்றுமே இல்லை. அவன் மனசில் ஒரே ஒரு ஆசைதான் இருக்கிறது. யாரிடமும் சொல்ல மாட்டான். என்னிடம் மட்டும் சொன்னான்.

அவன் அப்பா செத்துவிட்டார் என்று உன்னிடம் சொல்லியிருப்பான். சாகவில்லை. பெயர் அய்யாசாமி. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்டி விடும் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். பதினாலு வருஷமாகப் பேச்சு இல்லை. ஒருமுறை எதிர்ப்பக்கம் பைக்கை நிறுத்தி எனக்குக் காட்டினான். கை நடுங்கியது. ஏக்கம். அவனாகப் போய்க் கூப்பிட ரோஷம் விடவில்லை.

பிறந்தநாள் அன்றைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் அவன் முன்னால் நிறுத்து. முன்கூட்டி யாரிடமும் சொல்லாதே, அவன் அம்மாவிடமும். அந்த முகத்தை அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். உன்னையும்.

யுவராணி


முகப்பேர் மேற்கு
17-6-2025

என் யுவா,

உனக்கு எப்படி நன்றி சொல்வேன்! நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பூந்தமல்லி போனேன். நீ சொன்ன இடத்தில் இருந்தார். ஜீவாவின் அதே நெற்றி, அதே காது. நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலியைத் துடைத்து என்னை உட்கார வைத்தார்.

"புள்ள கூப்ட்டானா கண்ணு?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். பிறகு, "ஆமாம், கூப்பிட்டான்" என்று சொல்லிவிட்டேன். பொய்தான். ஆனால் அவன் மனசில் இருப்பதைத்தானே சொன்னேன்?

கர்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்துக்கொண்டே இருந்தார். ரெண்டு வண்டிக்கு ஒரே நம்பர் கொடுத்துவிட்டார், வண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள்.

நீ இவ்வளவு பெரிய மனசுக்காரி என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ரேஷ்மா


முகப்பேர் மேற்கு
24-6-2025

யுவராணி,

எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றேன் அல்லவா? படி. ஒரு வரி விடாமல் படி.

அம்பத்தூர் ஒரகடத்தில் அவர்கள் வீட்டு மாடிக்குக் காலை பதினோரு மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடிப்பு கலையாமல் இருக்க ஆட்டோவில் சாயாமலே உட்கார்ந்து வந்தார். கையில் கால் கிலோ பால்கோவா. ஜீவா கேக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திரும்பினான். அவரைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

"இந்த ஆளு இன்னாத்துக்கு இங்க வந்துகீறான்?" என்றான்.

"ஜீவா, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"உனுக்கு யார் சொன்னது? இந்த ஆளு உசுரோட கீறான்னு உனுக்கு யார் சொன்னது?"

அவன் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர்கள் படியேறி வந்துவிட்டார்கள். நான் உன் பெயரைச் சொன்னேன். வேறு என்ன சொல்வேன்? ஒரு நொடி என்னையே பார்த்தான். பைக் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

அந்த மனுஷன் பால்கோவாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். "புள்ள கூப்ட்டான்னு சொன்னியே கண்ணு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஜீவாவின் அம்மா வேம்புலியம்மாள் ஆன்ட்டி உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டு அவர் முன்னால் வைத்தார்கள்.

"துன்னுட்டுக் கெளம்பு. அவன் திரும்பி வர்றதுக்குள்ள கெளம்பு."

நாலு வாய் சாப்பிட்டார். அவர் படியிறங்கிய பிறகுதான் ஆன்ட்டி என்னிடம் சொன்னார்கள்: "இந்த ஆளு இன்னொருத்தி ஊட்டுக்குப் போவசொல்ல புள்ளைக்குப் பதினாலு வயசும்மா. பஸ்ஸு பின்னாடியே ஓடினான். ஜன்னலாண்டதான் உக்காந்துகினு இருந்தாரு. திரும்பிக்கூடப் பாக்கல. அன்னிலேர்ந்து அப்பா செத்துட்டான்னுதான் சொல்லிகினு கீறான்." தட்டை எடுத்துக்கொண்டே, "யுவராணிக்கு இது தெரியுமே" என்றார்கள்.

உனக்குத் தெரியும். அன்று பூந்தமல்லியில் அவன் கை நடுங்கியது ஏக்கத்தில் அல்ல, கோபத்தில் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதினாய். என்மேல் கோபமென்றால் வந்து என்னை அறைந்திருக்கலாமே? அந்த வயசான மனுஷன் உனக்கு என்ன செய்தார்?

மூன்று நாளாக ஜீவா போனை எடுக்கவில்லை. ஞாயிறு அன்று அங்கிருந்து நேராக எங்கே போனான் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுகிறேன், ஆனால் தெரியும். உன்னிடம்தான் வந்திருப்பான். வந்தானா? எவ்வளவு நேரம் இருந்தான்?

ரேஷ்மா


கோவில்பதாகை
28-6-2025

ரேஷ்மா,

தெரிந்துதான் எழுதினேன். மறைக்கப் போவதில்லை.

ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் நினைப்பே வராமல் அவனைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோதுதான் என் புத்தி கெட்டது. உன்னை அவன் வெறுக்க வேண்டும், உன்னைப் பார்த்து ஒருமுறையாவது கத்த வேண்டும் என்று நினைத்தேன். அவரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நீ பூந்தமல்லி போய் வந்ததை எழுதிய பிறகு, ரெண்டு வண்டிக்கு ஒரே நம்பர் கொடுத்தார் என்று படித்த பிறகு, "வேண்டாம், கூட்டிக்கொண்டு போகாதே" என்று நாலு வரி எழுதினேன். கவரில் போட்டு ஸ்டாம்ப் ஒட்டி மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். பட்டாபிராம் தபால் ஆபீஸைத் தாண்டித்தான் தினமும் நடக்கிறேன். போடவில்லை. மறந்து போகவில்லை, போடவில்லை.

வந்தானா என்று கேட்டாய். வந்தான். ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணி. அம்மாவும் அப்பாவும் திருநின்றவூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கேட்டில் நின்றுகொண்டு, "ஏன்டி சொன்ன? உன்ன நம்பித்தானடி சொன்னேன்!" என்று தெருவே கேட்கக் கத்தினான். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று உள்ளே கூப்பிட்டேன். தண்ணீர் கொடுத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுது நான் அதற்குமுன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ கேக்கோடு அங்கே நின்றுகொண்டிருக்கிறாய், அவன் என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். ரேஷ்மா தோற்றாள் என்று நினைத்தேன். அரைமணி நேரம் இருக்கும்.

பிறகு பேச ஆரம்பித்தான். அப்பாவைப் பற்றி இல்லை, உன்னைப் பற்றி. "அவளுக்கு என்னப் பத்தி இன்னா தெரியும்? எப்பப் பாரு கிஃப்டு, கிஃப்டு. நான் குளிக்கப் போனா போனை எடுத்து நோண்டுறா. சந்தேகம். மூச்சு முட்டுது." நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இனிக்க இனிக்கக் கேட்டேன். அப்புறம், "அவகூட முடிச்சிக்கறேன், நீ சரின்னு சொல்லு. உங்கிட்டதான் யுவா மனசு வுட்டுப் பேச முடியுது" என்றான்.

எட்டு மாதமாக நான் காத்திருந்த பேச்சு. ஆனால் காதில் விழுந்ததும் உன் கடிதத்தில் இருந்த கையெழுத்துதான் கண் முன்னால் வந்தது. அதே வார்த்தைகள். பெயரை மட்டும் மாற்றியிருந்தான். என்னைப் பற்றி உன்னிடம் சொன்னது, உன்னைப் பற்றி என்னிடம்.

"கெளம்பு ஜீவா" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"அடுத்து வர்ற பொண்ணுகிட்ட என்னப் பத்திச் சொல்றதுக்கு உனக்கு எதனா வேணுமில்ல. தண்ணி குடுத்துட்டு வெளிய போகச் சொன்னான்னு சொல்லு."

அவனுக்குப் புரியவில்லை. புரியாமலேதான் போனான்.

வியாழக்கிழமை பூந்தமல்லி போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். எதிர்ப்பக்கம் ஜூஸ் கடையில் நின்று அவர் டோக்கன் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தார், வேலைக்கு. ரோட்டைக் கடக்க முடியவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

இதை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். நம்பாவிட்டால் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

யுவராணி


முகப்பேர் மேற்கு
5-7-2025

யுவராணி,

நம்பவில்லை. ஒருமுறை பொய் எழுதினவள், ரெண்டாவது முறையும் எழுதமாட்டாயா? எங்களைப் பிரிக்க இது இன்னொரு வேலை என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை அவனே வந்தான், ஆபீஸ் கேட்டில் நின்றான். "அன்னிக்கு ரொம்பக் கத்திட்டேன், ஸாரி" என்றான். மல்லிப்பூ வாங்கிக் கொடுத்தான். எட்டு மாதத்தில் அவனாக எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் பொருள். தலையில் வைத்துக்கொண்டேன். அப்போதே, இதை இவன் யுவராணிக்கு எத்தனை முறை வாங்கிக் கொடுத்திருப்பான் என்று தோன்றியது.

டீக்கடையில் உட்கார்ந்தோம். உன் கடிதம் என் ஹேண்ட்பேகில் இருந்தது. நான் எடுக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை எங்கே போன?" என்றேன்.

"டில்லிபாபு ஊட்ல இருந்தேன்."

"யுவராணியப் பாக்கப் போகலையா?"

"அவ மூஞ்சில எவன் முழிப்பான்? வயித்தெரிச்சல் புடிச்சவ."

"அம்மா மேல சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமா." கண் கூடச் சிமிட்டவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளப் பத்தி நெனச்சாலே தலவலி. நீதான் எனுக்கு நிம்மதி" என்றான்.

அவன் உன்னிடம் வந்ததற்குக்கூட நான் மன்னித்திருப்பேன், யுவா. அடிபட்டவன் பழகின இடத்துக்கு ஓடினான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் அவன் அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னான். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கேன்டீன் வாசலில் உன்னைப் பற்றிச் சொன்னபோதும் இதே முகம்தான். அன்றைக்கு அதை உண்மை என்று நினைத்தேன்.

டீயைக் குடித்து முடித்தேன். "இனிமே வராத ஜீவா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் பைக்கை உருட்டிக்கொண்டே வந்தான், இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று. பஸ்ஸில் ஏறினதும் பூவைக் கழற்றினேன். எறிய மனசு வரவில்லை, பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நான் அவனை விட்டது உனக்காக இல்லை. நீ அந்த மனுஷனுக்குச் செய்ததை நான் மன்னிக்கவும் இல்லை. "கூப்பிட்டான்" என்று அவரிடம் பொய் சொன்னது நான்தான் என்பதையும் மறக்கவில்லை.

இன்னொன்று. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அவனுக்குத் தண்ணீர் கொடுத்ததாக எழுதியிருந்தாய். அவனை விட்டுவிட்டேன், எல்லாம் முடிந்தது, ஆனாலும் ராத்திரி படுத்தால் எந்த டம்ளரில் கொடுத்திருப்பாய், உன் கை பட்டிருக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரேஷ்மா


கோவில்பதாகை
20-7-2025

ரேஷ்மா,

சில்வர் டம்ளர். கை படவில்லை. நாற்காலிப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்தேன். தூங்கு.

நான் போன ஞாயிறு பூந்தமல்லி ரோட்டைக் கடந்துவிட்டேன். யாரென்று சொன்னேன், செய்ததையும் சொன்னேன். அய்யாசாமி ஐயா வந்து நின்ற வண்டிக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்தார். பிறகு, "புள்ளையப் பாத்துட்டேன் இல்ல, அது போதும்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது. இன்று காலை ஜீவா வந்தான். நீ விட்டுவிட்ட விஷயத்தை அவன் சொல்லவில்லை. அவன்தான் உன்னை விட்டதாகச் சொன்னான். "யுவா, யுவா" என்று கேட்டில் நின்று கூப்பிட்டான். முடி வெட்டி, முகச்சவரம் செய்து, எனக்குப் பிடித்த நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தொறக்கட்டுமா வேணாமா, நீ சொல்லு" என்றாள்.

வேண்டாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்ப்பாள் மேல் கை வைத்துக்கொண்டுதான் நின்றேன். அவன் கூப்பிடக் கூப்பிட விரல் தானாக நகர்ந்தது. பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கும்வரை, எடுத்துவிடுவேனோ எடுத்துவிடுவேனோ என்று இருந்தது. போன பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னால், "போனா போறான், வுடு" என்பாள். ரேணுகாவிடம் சொன்னால் சிரிப்பாள். அந்தக் கதவைத் திறக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவள் இந்த ஊரில் இன்னும் ஒருத்திதான் இருக்கிறாள். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

யுவா